எறும்புகள் சொன்ன செய்தி

உலகில் எழுதுதற்குரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, ஒரு பூனையின் நோயைப் பற்றி எழுதப் புகுந்தமைக்காக நாம் முதற்கண் வாசகர்களிடம் பொறுதி வேண்டுகின்றோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீரும் கையுமாகப் பத்திரிகையை விரித்தவர்கள், “மாஸ்டருக்கு வேறு வேலை இல்லைப் போலும்” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினாலும் நாம் வருந்தோம். ஆயினும் அந்தப் பூனை எமக்குக் கற்பித்த பாடம் பூனைகளுக்கு மாத்திரம் உரியதன்று. நோயுற்றோரைப் பேணும் எல்லா வீடுகளுக்கும் அது பொருந்தும். ஆதலால் துணிந்து எழுதுகின்றோம்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் வெள்ளையன். 2013 ஆம் ஆண்டு மாரி மழையில், கிணற்றடி வாழையின் கீழ் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டியை எம் மகள் தன் சட்டையிற் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தான் பள்ளிக்கூடம் போய் வரும்வரை அப்பம்மா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளே ஏற்பாடும் செய்துவிட்டாள். அன்று தொடங்கி அது எம் அன்னையாரின் பூனையாயிற்று.

எம்முடையது மரக்கறி உணவுக் குடும்பம். மீனோ இறைச்சியோ எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆகவே வெள்ளையனும் எம்மோடு சேர்ந்து சைவனானான். காலையிற் பாலும் புட்டும், மதியம் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, இரவில் இடியப்பம். எலி, பல்லி என்று அவன் இரகசியமாக உண்டவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நலமடித்த கடுவனாகையால் ஊர் சுற்றவும் போகான். உண்பதும் உறங்குவதுமாய் எட்டு வயதில் ஆறு கிலோவுக்கு மேல் நிறை வைத்துவிட்டான். வருவோரெல்லாம் “நல்ல வளர்ப்பு” என்று புகழ்ந்தனர். நாமும் அதை நம்பினோம்.

2021 மார்கழியில் அந்த உடம்பு இளைக்கத் தொடங்கிற்று. உணவு குறையவில்லை, முன்னிலும் அதிகமாகவே உண்டான். தண்ணீர்ச் சட்டியை விட்டு அகலாமல் நக்கிக் குடித்தான். அதற்கேற்பச் சிறுநீரும் கழித்தான். பின்னங்கால்கள் வலுவிழந்து, விரல்களில் ஊன்றி நடக்க வேண்டியவன் குதிகால் நிலத்திற்பட முயலைப்போல நடந்தான். திருவெம்பாவைக் காலமாகையால் இருள் பிரியுமுன் எழுந்து முற்றங் கூட்டிய எம் அன்னையார், ஒருநாள் எம்மை அழைத்தார்.

“தம்பி, உவன்ரை மண்சட்டியிலை எறும்பு மொய்ச்சுக் கிடக்குது, வந்து பார். உன்ரை கொப்பருக்கும் முதல்முதல் உப்பிடித்தான் கண்டது. உது சீனி வருத்தம்.”

நாம் சிரித்தோம். இருபது ஆண்டுகளாக மேல்வகுப்பு மாணவர்க்கு உயிரியல் கற்பித்தவர் நாம். சதையியையும் அதன் இலங்ககான் சிறுதீவுகளையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அப்படியிருந்தும், பூனைக்குச் சலரோகம் வரும் என்ற எண்ணம் எமக்கு உதிக்கவில்லை. நம் நாட்டுப் பழைய வைத்திய நூல்கள் இந்நோயை மதுமேகம் என்று அழைத்ததும், எறும்பு மொய்ப்பதை அதன் குறியாகக் கண்டதும் அன்னையாருக்குத் தெரியா. ஆயினும் அந்நூலாசிரியர்களைப் போலவே கண்ணால் கண்டதைக் கொண்டு அவர் நோயை அறிந்தார். படித்த நாம் அறியவில்லை.

எங்கள் மிருக வைத்தியர் ஒருகாலத்தில் எம்மிடமே உயிரியல் படித்தவர். பின்னர்ப் பேராதனையிற் கற்றுத் தேறியவர். 2022 தையில், வெள்ளையனைச் சைக்கிளின் கூடையில் வைத்துக் கட்டி அவரிடம் கொண்டுசென்றோம். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 412 மில்லிகிராம் குளுக்கோசு இருந்தது. நலமுள்ள பூனைக்கு அது ஏறக்குறைய 70க்கும் 150க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் வைத்தியர் அந்த ஓர் இலக்கத்தை நம்பி முடிவு கூறவில்லை. பூனை அச்சமுற்றால் அந்த அச்சத்தினாலேயே குளுக்கோசு மிக உயர்ந்துவிடுமாம். ஆதலால் சிறுநீரையும் சோதித்து, கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டும் வேறொரு இரத்தப் பரிசோதனையும் செய்வித்த பின்னரே, “அப்பம்மா சொன்னது சரிதான் சேர்” என்றார்.

அன்று மாணவர் ஆசிரியரானார், நாம் மாணவரானோம். பூனை ஊனுண்ணும் பிராணி. அதன் உடல் புரதத்தையும் கொழுப்பையும் கொண்டு வாழும்படி அமைந்தது. இனிப்பை உணரும் நாவுணர்வுகூட அதற்கில்லை. அவ்வுணர்வுக்கு வேண்டிய பரம்பரை அலகுகளுள் ஒன்று பூனையினத்தில் செயலற்றுக் கிடக்கின்றது என்று 2005 ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். இனிப்பின் சுவையே அறியாத ஒரு பிராணிக்கு இனிப்பு நோய் வருவது விந்தையன்றோ! நடுவயது கடந்த, நலமடித்த, உடல் பருத்த கடுவன்களுக்கே இந்நோய் மிகுதியாக வருகின்றது. பருத்த உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. சதையி மேலும் மேலும் சுரந்து களைக்கின்றது. இரத்தத்தில் உயர்ந்து நிற்கும் குளுக்கோசு தானே நஞ்சாகி, சுரக்குங் கலங்களை மேலும் வாட்டுகின்றது. எங்கள் அன்பெல்லாம் சோறாகவும் புட்டாகவும் அவனுட் சென்று இந்த வேலையைச் செய்திருந்தது.

சிகிச்சை இரண்டு. ஒன்று, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓர் அலகு கிளார்ஜின் இன்சுலின். அது நீண்ட நேரம் நின்று வேலை செய்வது. மற்றையது, மாப்பொருள் நீங்கிய ஊனுணவு.

ஊசி எமக்கு அச்சந் தந்தது. ஊனுணவோ வீட்டையே கலக்கிற்று. எம் இல்லாள் ஒன்றும் பேசாது குசினிக்குட் போய்விட்டார். நாம் தயங்கி நின்றோம். தீர்ப்புக் கூறியவர், மூன்று தலைமுறையாக மச்சம் தொடாத குடும்பத்திற் பிறந்த எம் அன்னையார்தான். “நாங்கள் மரக்கறி சாப்பிடுறது எங்கடை விரதம். அவனை ஆர் விரதம் இருக்கச் சொன்னது? கடவுள் அவனுக்கு விதிச்சதை நாங்கள் பறிச்சு வைச்சிருக்கிறம். அதுதான் பாவம்” என்றார். மறுநாட் காலை கிணற்றடிக்கு அப்பால், வேலியோரமாக மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். புதிய சட்டி ஒன்று வந்தது. சூடை மீனும் கோழியிறைச்சியும் அவித்து, முள்ளும் எலும்பும் நீக்கி வைப்பது எம் பணியாயிற்று. அதை முடித்துக் குளித்த பின்னரே வீட்டுக்குள் நுழைவோம். வெறும் மீனும் இறைச்சியும் எல்லாச் சத்தையும் தரா என்று வைத்தியர் எச்சரித்தமையால், கிடைக்கும்போதெல்லாம் மாப்பொருள் குறைந்த ரின் உணவையும் வாங்கிச் சேர்த்தோம்.

1922 ஆம் ஆண்டு தை மாதத்திலேதான், கனடாவின் ரொறொன்ரோ நகரில், லெனாட் தொம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறப்பதைப் பெற்றோர் பார்த்திருக்க வேண்டியிருந்தது. சரியாக நூறு ஆண்டின் பின், ஒரு தை மாதத்தில், யாழ்ப்பாணத்து வீடொன்றின் விறாந்தையில் ஒரு பூனைக்கு அதே மருந்தினத்தை ஏற்ற நாம் கைநடுங்க உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்துக்கும் வரிசை. பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாயிற்று. அன்னையாருக்கும் சலரோகம் உண்டு; அவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் இன்சுலின் தருவார்கள். அவருடைய மருந்தையும் பூனையின் மருந்தையும் தனித்தனிப் போத்தல்களில் இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் வைத்துக் காத்தோம். ஒருமுறை பூனையின் மருந்து தீரும் தறுவாயில், “என்ரையிலை ஒரு துளி எடுத்துக் குடன்” என்றார் அன்னையார். அது வேறு வகை இன்சுலின்; பூனைக்கு ஏற்றதன்று. ஏற்றதாயினும் அது ஊர்ப்பணத்தில் ஒரு நோயாளிக்கென்று தந்த மருந்து. அதைத் தொட எமக்கு உரிமையில்லை என்று மறுத்தோம்.

அக்காலத்தில் அயலவர் ஒருவர் வேலியருகில் நின்று எம்மைக் கேட்ட கேள்வி இன்றும் எம் காதில் இருக்கின்றது. “மாஸ்டர், சனத்துக்கே மருந்தில்லை. நீங்கள் பூனைக்கு இன்சுலின் குடுக்கிறியளாமே?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. எமக்கும் மறுமொழி வரவில்லை.

மறுமொழி சொல்லும் நாள் சில வாரங்களில் வந்தது. மருந்துக்கடை வரிசையில் எமது முறை வந்தபோது கிளார்ஜின் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. எமக்குப் பின்னால் நின்ற இளைஞன் தன் தாயாரின் மருந்துச் சீட்டை நீட்டினான்; அதே மருந்து. கையிற் காசோடு நாம் நின்ற அந்த அரை நிமிடம் நெடிதாயிருந்தது. பூனையின் முகம் மனக்கண்ணில் தோன்றாமலில்லை. “தம்பி, நீர் எடும்” என்று சொல்லி விலகினோம். இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் வெறுங்கையோடு சைக்கிள் மிதித்து வீடு திரும்பியபோது, மனிதர்க்கு முதலிடம் என்பது பிராணிக்கு இடமே இல்லை என்பதாகாது என்பதும் எமக்குத் தெளிவாயிற்று. பழைய மருந்தில் எஞ்சியதைத் துளித்துளியாகக் காத்து, வைத்தியரிடம் சொல்லிவிட்டு, நாட்களை நகர்த்தினோம்.

அதற்குள் ஓர் அவலமும் நேர்ந்தது. மின்வெட்டு இருளில் எம் இல்லாள் ஊசி போட்டதை அறியாமல் நாமும் ஒருமுறை போட்டுவிட்டோம். இரண்டு மணித்தியாலத்தில் வெள்ளையன் தள்ளாடினான், கண் நிலைகுத்திற்று. சோதித்தபோது 41. முரசிலே தேனைத் தேய்த்து, வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, விடியும்வரை மடியில் வைத்திருந்தோம். பிழைத்தான். அன்றிலிருந்து ஊசி போட்டவர் நாட்காட்டியில் அடையாளமிடாமல் எழும்புவதில்லை என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

சித்திரை கழிய, ஒரு புதுமை கண்டோம். அதே ஓர் அலகுக்குக் குளுக்கோசு 80, 70 என்று இறங்கிற்று. வைத்தியர் மருந்தை அரை அலகாக்கினார், பின்னர் நிறுத்தினார். ஊசியில்லாமலே ஒரு வாரம் கழிந்தது. இரண்டு வாரம் கழிந்தது. நான்கு வாரமும் கழிந்தது. அளவு 100ஐ அண்டியே நின்றது. கால்கள் நிமிர்ந்தன. மதில்மேல் ஏறினான். எங்கள் வீட்டில் அன்று பொங்கல் பொங்கினோம் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் பொங்கினோம்.

கல்லூரி ஆசிரியர் அறையில், “பூனைக்குச் சலரோகம் குணமாயிற்று” என்று பறைசாற்றினோம். வைத்தியர் மட்டும் அச்சொல்லை ஏற்கவில்லை.

“குணம் எண்டு சொல்லாதேங்கோ சேர். தணிஞ்சிருக்கு. எங்கடை கிணறுகளை யோசிச்சுப் பாருங்கோ.”

எங்கள் குடாநாட்டுக் கிணறுகளின் இயல்பை அறிந்தோர்க்கு அந்த உவமை விளங்கும். சுண்ணக்கல்லின் கீழ் உவர்நீரின்மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். இறைப்பை நிறுத்தி ஓய்வு கொடுத்து, மாரியும் பெய்தால் ஊற்று மீண்டும் நன்னீராகலாம். ஆனால் ஒருமுறை உவர் ஏறிய கிணற்றை அதன்பின் முன்போல் இறைக்க முடியாது. கொஞ்சம் மிஞ்சினாலும் உவர்க்கும். பூனையின் சதையியும் அத்தகையதே. இன்சுலினும் நல்லுணவும் அதற்கு ஓய்வு கொடுத்தன, அது தேறிற்று. ஆனால் இழந்த கலங்கள் யாவும் திரும்பவில்லை. 2010 ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 90 பூனைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுட் சரிபாதிக்கு நோய் தணிந்தது. தணிந்தவற்றுள்ளும் பத்தில் ஏறக்குறைய மூன்றுக்கு அது திரும்பி வந்தது. கிழமைக்கொருமுறை சிறுநீர்ச் சோதனை, மாதமொருமுறை நிறை பார்த்தல், சோறு கூடாது, தேவையின்றி ஸ்டீரொயிட் மருந்து கூடாது என்று நான்கு கட்டளைகள் இட்டு அனுப்பினார் வைத்தியர்.

ஓராண்டு காலம் கட்டளைகளைக் காத்தோம். இரண்டாம் ஆண்டில் கிழமை மாதமாயிற்று. மாதம் நினைவு வந்தபோது என்றாயிற்று. நலம் என்பது மனிதரை மறதியில் ஆழ்த்தும் மயக்கமருந்து போலும்.

2024 ஆம் ஆண்டு ஆடியில் வெள்ளையனுக்குக் காதோரம் சொறி கண்டது. எங்கள் வைத்தியர் அப்போது ஊரில் இல்லை. வேறோரிடம் கொண்டுபோனோம். நீண்டநாள் நின்று வேலை செய்யும் ஊசி ஒன்று போட்டார்கள். இரண்டு நாளிற் சொறி நின்றது. அது ஸ்டீரொயிட் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. “வேறு வருத்தம் ஏதும் முன்பு இருந்ததோ?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றோம். பொய் சொல்லவில்லை, குணமாயிற்று என்றே நம்பியிருந்தோம். ‘தணிந்தது’ என்று நினைத்திருந்தால் அக்கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்திருக்கும். ஒரு சொல்லின் வேறுபாடு அது.

அதையடுத்து நல்லூர்த் திருவிழா தொடங்கிற்று. அந்த இருபத்தைந்து நாளும் வேலியோரத்து அடுப்பிலும் மீன் வேண்டாம் என்று நாமே முடிவு செய்தோம். ரின் உணவும் சில நாள் அகப்படவில்லை. “கொஞ்சச் சோறு என்ன செய்யப் போகுது” என்றோம். அன்னையார் முணுமுணுத்தார், நாம் கேட்கவில்லை.

தீர்த்தம் முடிந்த சில நாட்களின் பின், விடியற்காலையில், மண்சட்டியருகே அன்னையார் குந்தியிருந்தார். எம்மை அழைக்கவில்லை. நாமே அருகிற் சென்று பார்த்தோம். மணலின்மேல் கருங்கோடாக எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அந்த எறும்பு நிரையைக் கண்டபோது எம் நெஞ்சில் எழுந்தது துயரம் மாத்திரமன்று, வெட்கமும் எழுந்தது. முதல்முறை நோய் வந்தபோது நாம் அறியாதவர். இரண்டாம்முறை அறிந்தும் அயர்ந்தவர். முன்னையதை உலகம் மன்னிக்கும். பின்னையதை எம் மனமே மன்னிக்க மறுத்தது. “பட்டதெல்லாம் வீணாயிற்றே. இனி என்ன முயன்றும் என்ன?” என்று எம் இல்லாளிடம் சொன்னோம். “இஞ்சாருங்கோ, முதல் ஊசியை எடுங்கோ. அழுகையைப் பிறகு பார்ப்பம்” என்றார் அவர்.

நாள் 388 என்று காட்டிற்று. ஊருக்குத் திரும்பியிருந்த வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கடியவில்லை. “திரும்பி வாறது இந்த வருத்தத்தின்ரை குணம் சேர். ஸ்டீரொயிட்டும் சோறும் அதைக் கெதியாய்க் கூட்டி வந்திருக்குது. ஆனால் கால் மடங்க முன்னம் கண்டுபிடிச்சிட்டியள், அது பெரிய காரியம்” என்றார். முரசையும் பல்லையும் பார்த்தார். சிறுநீரில் கிருமி உண்டோ என்று சோதித்தார். திரும்பி வந்த நோயின் பின்னே மறைந்து நிற்கும் காரணங்கள் பலவாம். பற்சிதைவு, தொற்று, சதையியழற்சி, சில வேளை மூளையடிச் சுரப்பியின் கட்டியும். அவற்றைத் தேடாமல் இன்சுலினை மாத்திரம் கூட்டிக்கொண்டு போதல் அறிவன்று. ஒரு பல் கெட்டிருந்தது, அதனைப் பிடுங்கினார்.

முன்பு எத்துணை அலகில் நின்றதோ அதையே நினைத்துத் துணிந்து கூட்டலாகாது என்றும் சொன்னார். மீண்டும் புதிய நோயாளி போலவே குறைந்த அளவில் தொடங்கி, நாட்கள் பொறுத்து, அளவு பார்த்தே ஏற்ற வேண்டுமாம். காதின் ஓரத்திற் சிறு குத்துக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்க்கும் வேலையை, பதினாறு வயதான எம் மகள் ஏற்றுக்கொண்டாள். வீட்டில் அவன் அஞ்சாதிருப்பதால் அந்த இலக்கமே மெய்யானது. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையிலும் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் அவள் குறித்து வைத்தாள். பூனை உணவைத் தொடாத நாளில் முழு அளவு ஊசி கூடாது. வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டினாள்.

இரண்டாம் முறையும் நோய் தணியுமா என்று கேட்டோம். தணிவதுண்டு, ஆனால் முதல் முறையிலும் அரிது என்றார். மார்கழி வரை நம்பிக்கையோடு காத்தோம். 388 இறங்கி 200 ஆயிற்று. பின் 150 அளவில் வந்து நின்றது. மருந்தைக் குறைத்துப் பார்த்தோம், ஏறிற்று. 2025 தையில் மீண்டும் குறைத்தோம், மீண்டும் ஏறிற்று. கிணறு இந்த முறை முழுதும் இனிக்கவில்லை.

இன்று வெள்ளையனுக்கு வயது பன்னிரண்டு. காலை ஆறு மணிக்கு ஓர் அலகு. மாலை ஆறு மணிக்கு ஓர் அலகு. அவனைத் துடைத்தெடுத்த நோய் அவனைவிட்டு நீங்கவில்லை. ஆயினும் அவனை வருத்தவுமில்லை. உண்கிறான், மதிலேறுகிறான், அணிலைக் கண்டு பல்லைக் கடிக்கிறான். கொழும்பிற் கலியாணம் என்றால் நாமும் இல்லாளும் சேர்ந்து போவதில்லை, ஒருவர் வீட்டிலிருப்போம். செலவுமுண்டு, மாதச் சம்பளக்காரர்க்கு அது சிறிதன்று. இவ்வளவையும் தாங்க முடியாத வீடுகளும் உள. அவற்றை நாம் ஒருபோதும் பழியோம்.

எதிர்பாராத நன்மையும் ஒன்று விளைந்தது. மாலை ஊசியை அடிக்கடி தவறவிடும் வழக்கம் எம் அன்னையாருக்கு இருந்தது. ஒருநாள் அவர், “அவனுக்கு ஒருநாளும் பிந்தாத ஊசி எனக்கு மட்டும் ஏன் பிந்துது?” என்று தாமே கேட்டார். இப்போது நாட்காட்டியில் இரண்டு அடையாளங்கள் விழுகின்றன. ஒன்று பூனைக்கு, மற்றையது அப்பம்மாவுக்கு.

சமய நூல் படித்தோர், குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விச் செல்லும் மார்ச்சால நியாயத்தையும், குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயத்தையும் அறிவர். முன்னது அருளைக் குறிக்கும். பின்னது முயற்சியைக் குறிக்கும். நோய் தணிந்தது அருள் என்று எண்ணிக் கையை விட்டது எம் பிழை. நோய் திரும்பியதும் முயற்சியெல்லாம் வீண் என்று கலங்கியதும் பிழையே. முதல்முறை பட்ட பாடு அவனுக்கு இரண்டு நல்ல ஆண்டுகளைத் தந்தது, அவை வீணாகா. எறும்பைக் கண்டவுடன் பொருள் விளங்கியது, ஊசி பிடிக்கக் கை நடுங்காதது, மகள் துளி இரத்தம் எடுக்கக் கற்றது, யாவும் அந்த முதல்முறையின் விளைவே. நோய் பழைய இடத்துக்கு வந்தது உண்மை. நாம் பழைய இடத்தில் இல்லை.

வீட்டிற் பூனை வளர்க்கும் மாணவ அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் தணிந்த பிராணியை எந்த வைத்தியரிடம் கொண்டுபோனாலும், கேட்குமுன்னே அதன் பழைய நோயைச் சொல்லுங்கள். நலமாயிருக்கும் நாளிலும் நிறை பாருங்கள், சிறுநீரைப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி எத்துணை விரைவில் வற்றுகின்றது என்று பாருங்கள். வீட்டிலுள்ள முதியோர் ஒன்றைச் சொன்னால், சிரிக்குமுன் ஒருமுறை எழுந்து சென்று பாருங்கள்.

இதனை எழுதி முடிக்கும் வேளையில் மணி ஆறாகின்றது. சாமியறையில் எம் இல்லாள் விளக்கேற்றிவிட்டார். வெள்ளையன் அழைக்காமலே வந்து, தன் சாக்குத் துண்டின்மேல் முதுகைக் காட்டி இருக்கின்றான். மகள் நாட்காட்டியின் அருகே பென்சிலோடு நிற்கின்றாள். நாம் எழுந்து போகவேண்டும்.